மோட்டார் மகாராஜாவின் மௌன விரதம்

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை.

கொள்ளிடத்து நடுவிலுள்ள எங்கள் நாணல்மேட்டுத் திட்டில் இன்று ஒரு பட்டாபிஷேகம் நடந்தது. நடத்தி வைத்தவன் கோதண்டமாகிய நான். பட்டம் சூடியது என் படகின் மோட்டார். அதன் திருநாமம் மகாராஜா.

பிற்காலத்தில் இதைப் படிக்கப்போகும் ஆராய்ச்சியாளர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் திட்டுக்கு இரண்டு பக்கமும் ஆறு. கீழே இருந்த ஒரே பாலமும் இடிந்து வெறும் தூண்களாக நிற்கிறது. பால், கத்தரிக்காய், பிள்ளைகள், பிணம், எதுவானாலும் படகில்தான் அக்கரை போக வேண்டும். மோட்டார் வைத்த படகு இங்கே ஒன்றே ஒன்று, அது என்னுடையது. மற்றவர்களிடம் இருப்பவை கழி ஊன்றும் தோணிகள். அவற்றைப் படகு என்று சொல்லலாம் என்றால் எருமையை ரயில் என்றும் சொல்லலாம்.

காலையிலிருந்து சந்தனம் இழைத்தேன். இழைத்த இழைப்பில் கல் பாதியாகத் தேய்ந்துவிட்டது. மகாராஜாவின் நெற்றியில் மூன்று பட்டை. விசிறியின் ஒவ்வொரு இதழுக்கும் ஒரு பொட்டு. பக்கத்தில் உட்காரும் சிவப்பு பெட்ரோல் டேங்க் மட்டும் என்ன பாவம் செய்தது? அதன் மூடிக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு பொட்டு அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே கும்பிட வேண்டும் போலிருந்தது.

"மோட்டார்ல அப்புன சந்தனத்துல நாலு கல்யாணம் முடிச்சிருக்கலாம்டா," என்றாள் செண்பகம் அக்கா.

அவள் மகள் நிரோஷா நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். சிரிக்கும்போது வயிறும் சேர்ந்து குலுங்கியது. பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது, வருகிற திங்கட்கிழமையே வந்து படுத்துவிட வேண்டும் என்று அக்கரை ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பூஜை முடிந்ததும் போய் அக்கரையில் தெரிந்தவர் வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று அக்கா மூட்டை கட்டினாள்.

"மகாராஜா இருக்க என்ன பயம்? அவ கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அக்கரை," என்று வாக்குக் கொடுத்து மூட்டையை அவிழ்க்க வைத்தேன். தாய்மாமன் வாக்கு. கல்வெட்டில் பொறிக்கத் தக்கது.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. முடிசூடிய பிறகு மகாராஜாவின் முதல் உலா. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க மகாராஜாவுக்குச் சக்கரம் இல்லாததால் படகின் மூக்குக்கு முன்னால் தண்ணீரில் போட்டு ஏற்றினேன். கயிற்றை ஒரே இழு. கர்ஜனை கேட்டு இரண்டு கரையிலும் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கும்.

ஆற்றின் கால்வாசி தாண்டியதும் கர்ஜனை இருமலாகி, இருமல் விக்கலாகி, நின்றுவிட்டது.

பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று டேங்க்கைத் திறந்து பார்த்தேன். கழுத்துவரை இருந்தது. மூடியைப் போட்டு, மகாராஜாவின் காதில் நாலு வார்த்தை கடுமையாகப் பேசி, கயிற்றை இழுத்தேன். உடனே கிளம்பியது. என் பேச்சுக்கு அவ்வளவு சக்தி. அங்கிருந்தே திரும்பி வரும்போது கரைக்குச் சற்று முன்னால் மறுபடி நின்றது. மறுபடி திறந்து பார்த்தேன், மறுபடி திட்டினேன், மறுபடி ஓடியது.

இரண்டு நாள் அலங்காரத்தில் கொஞ்சம் கர்வம் ஏறியிருக்கிறது. வேறொன்றுமில்லை.

மேலே அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களாம். வழக்கமான செய்தி.

அக்டோபர் 3, வெள்ளி

துளசிங்கத்தைக் கூப்பிடும்படி ஆகிவிட்டது. கத்தரித் தோட்டக்காரன். சின்ன வயதில் நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் கொஞ்ச காலம் மெக்கானிக்குக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவன். அதை வைத்துக்கொண்டு கப்பற்படையை நிறுத்தி ஓட்டியவன் போல் பேசுவான். எனக்கும் அவனுக்கும் இந்த ஒரு குணம்தான் பொருந்தாது.

"என்ன மச்சான், யானைக்கு மதம் புடிச்சிருச்சா?"

"தும்மல்யா. நீ மருந்த மட்டும் சொல்லு."

பிளக்கைக் கழற்றினான். கரி பிடித்திருந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தான். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான். பிறகு பெட்ரோலில் கலப்படம் இருக்குமோ என்று டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தான். முகர்ந்தவன் மூடியை மண்ணில் போடப் பார்த்தான். பொட்டு கலைந்துவிடாதா? நான் அதைப் பறித்து என் துண்டை விரித்து அதன்மேல் வைத்தேன்.

பீப்பாயை அறுத்துத் தண்ணீர் ஊற்றி அதில் மோட்டாரை இறக்கி ஓட்டிப் பார்த்தோம். ஓடியது ஓடியது, அப்படி ஓடியது. பீப்பாய்த் தண்ணீர் சூடாகி, அரிசி போட்டால் வெந்திருக்கும். துளசிங்கம் வேட்டியை மடித்துக் கட்டி ஊரைப் பார்த்து நின்றான். நானும் பக்கத்தில் நின்றேன். பாதிப் பெருமை என்னுடையது.

மோட்டாரைப் படகில் பூட்டி, மூடியைப் பயபக்தியுடன் போட்டு இறுக்கி, ஆற்றில் விட்டோம். கால்வாசி தூரம். இருமல், விக்கல், மௌனம்.

"பீப்பாயில ஓடுது, ஆத்துல நிக்குது. மோட்டார்ல கோளாறு இல்ல மச்சான். ஆத்துலதான்," என்று துளசிங்கம் தீர்ப்புச் சொன்னான்.

சாயங்காலம் முழுவதும் விசிறியில் ஆகாயத்தாமரை சுற்றியிருக்கிறதா என்று இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தேடினோம். ஒரு பழைய செருப்பு கிடைத்தது. அவனுக்குத்தான் பொருந்தியது.

அக்டோபர் 4, சனி

பால் கறந்தேன். கத்தரி மூட்டைகள் அப்படியே கிடக்கின்றன. அக்கா காலையில், "சின்னசாமி தோணி போவுதாம். பேசாம அதுல போயிடவா?" என்று கேட்டாள்.

"வயித்துப் பிள்ளக்காரிய கழித் தோணியில ஏத்தி அனுப்புனா நாளைக்கு மாப்பிள்ளை என்னைய என்ன கேப்பாரு?" என்றேன். மாப்பிள்ளை சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறார். கப்பல் கட்டுகிறவருக்குத் தோணியில் பதில் சொல்ல முடியுமா? அக்கா உள்ளே போனாள்.

இன்றைய கண்டுபிடிப்பு: டேங்க்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் குழாயின் நடுவே, அமுக்கிப் பெட்ரோல் ஏற்றுவதற்கு ஒரு ரப்பர் பந்து உண்டு. மோட்டார் நிற்கும்போதெல்லாம் அது சப்பையாகிக் கிடக்கிறது. பழைய பந்தை எறிந்துவிட்டு, துளசிங்கம் எங்கிருந்தோ கொண்டுவந்த இன்னொன்றைப் போட்டோம். அதுவும் சப்பையானது.

டேங்க்கும் அப்படித்தான். பிளாஸ்டிக் டேங்க், இரண்டு பக்கமும் உள்வாங்கிப் பட்டினி கிடந்த கன்றுக்குட்டி மாதிரி இருந்தது. வீட்டுக்குத் தூக்கி வந்ததும் நிரோஷா பார்த்துவிட்டு, "அதுக்கு வயிறு உள்ள போவுது, எனக்கு வெளிய வருது. ரெண்டு பேரும் மாத்திக்கலாமா மாமா?" என்றாள்.

மத்தியானம் மழை ஆரம்பித்தது. ஆற்று நிறம் மாறிவிட்டது. டீ நிறம். நுரை வருகிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

சின்னசாமி தோணியைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டான். இனி கழி எட்டாதாம்.

மழையில் மூடியின் பொட்டு கரைந்து போய்விட்டது. துடைத்த மாதிரி ஆகிவிட்டது. அதுதான் எனக்கு அபசகுனமாகப் பட்டது.

துளசிங்கம் புதுக் கட்டளை போட்டிருக்கிறான். மழை விடும்வரை யாரும் டேங்க்கைத் திறக்கக் கூடாது, பெட்ரோலில் தண்ணீர் இறங்கினால் கதை முடிந்தது என்று. சரியான பேச்சுதான். திறக்கவில்லை. இன்று மகாராஜா தொடக்கத்தில் கொஞ்சம் உறுமி நின்றவர்தான், அப்புறம் எத்தனை இழுத்தும் கண் திறக்கவில்லை. திட்டிப் பார்த்தேன். கெஞ்சியும் பார்த்தேன். என் வலது கை இப்போது இடது கையைவிட ஒரு முழம் நீளம்.

கலெக்டர் ஆபீஸ் எண்ணுக்குப் போன் செய்து மீட்புப் படகு கேட்டேன். போட்டெல்லாம் மேற்கே முழுகின ஊர்களில் இருக்கிறதாம், முறை வரும்போது அனுப்புவார்களாம். அக்கரை ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்கும் போன் போட்டேன். வலி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, "வலி வர்றதுக்கு முன்னாடி கொண்டாங்கன்னுதானே சொன்னோம்," என்றார். அவருக்கு வேறு சொல்லத் தெரியவில்லை. நிரோஷாவிடம் போனைக் கொடுத்தேன். மூச்சை எப்படி இழுத்து எப்படி விட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ராத்திரி சாப்பாட்டின்போது அக்கா என் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ளன்னு சொன்ன," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. குழம்பு காரமாக இருந்ததால் நான் பாதியில் எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

தண்ணீர் தோட்டத்து வேலியைத் தொட்டுவிட்டது. டாக்டரம்மா சொன்ன திங்கட்கிழமை இன்றுதான்.

அக்டோபர் 7, செவ்வாய். ஆஸ்பத்திரி வராந்தா. சாயங்காலம்.

இதில் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

பொழுது விடிந்து கோழிகளுக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நொய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். மறுபடி கலெக்டர் ஆபீஸ். மத்தியானத்துக்குள் முயற்சி செய்கிறோம் என்றார்கள். உள்ளே நிரோஷா சுவரைப் பிடித்துக்கொண்டு நர்ஸம்மா சொன்னபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் என்பது ரொம்ப தூரத்தில் இருக்கிற ஊர் மாதிரி இருந்தது.

துளசிங்கம் கழியோடு வந்து நின்றான். "மச்சான், நடு ஆத்துல நின்னுடும்."

"தெரியும்."

"நின்னா தண்ணி நேரா இடிஞ்ச பாலத்துக்குத்தான் கொண்டுபோவும்."

"அதுவும் தெரியும்யா. நீ வரியா இல்லியா?"

"கழிய எதுக்குக் கொண்டாந்திருக்கேன், பல்லு குத்தவா?"

தார்ப்பாய்க்கு அடியில் டேங்க்கைத் திறந்து, கேனில் இருந்த பெட்ரோல் அத்தனையும் ஊற்றி மூடினேன். கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே கிளம்பியது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அது எப்போதும் நன்றாகத்தான் கிளம்பும்.

படகின் நடுவில் வைக்கோல் பரப்பிப் போர்வை விரித்து நிரோஷாவை உட்கார வைத்தோம். சாய ஒன்றும் இல்லாததால் டேங்க்கை அவள் முதுகுக்கு முட்டுக்கொடுத்தோம். அக்கா எதிரில் குடையுடன். துளசிங்கம் படகின் மூக்கில்.

ஆற்றில் வீட்டுக் கூரை ஒன்று போனது. அதன்மேல் ஒரு கோழி.

கால்வாசி தாண்டினோம். நடு ஆற்றுக்கு வந்தோம். நான் ஒவ்வொரு வெடிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இருமியது. நான் முறுக்கிக் கொடுத்தேன். விக்கியது. நின்றது.

மோட்டார் நின்ற பிறகுதான் ஆற்றின் சத்தம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. படகு பக்கவாட்டில் திரும்பிக் கீழ்த்திசையில் நழுவ ஆரம்பித்தது. துளசிங்கம் கழியை விட்டுப் பார்த்தான். அடி எட்டவில்லை. நான் கயிற்றை இழுத்தேன். மறுபடி இழுத்தேன். இடிந்த பாலத்தின் தூண்கள் மழைக்குள்ளே தெரிந்தன. அவற்றில் தண்ணீர் மோதி வெள்ளையாக எழும்பியது. அக்கா குடையை மடக்கிவிட்டு மகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

நிரோஷாவுக்கு ஒரு வலி வந்து போனது. போனதும் அவள், "மாமா," என்றாள்.

"இதோ ஆச்சும்மா. இதோ."

"மாமா, இந்த டேங்க்கு என் முதுகுக்கு முட்டா இருந்துச்சு. இப்ப உள்ள போயிடுச்சு. டொக்கு டொக்குன்னு உள்ள இழுத்துக்குது."

"இருக்கட்டும்மா."

"கேளுங்க மாமா. அது உள்ள இழுக்குது, வெளிய விட மாட்டேங்குது. அதுக்கு மூச்சு முட்டுது. மூடியத் தொறங்க."

"மழை பெய்யிது, தண்ணி எறங்கிடும்," என்று துளசிங்கம் முன்னாலிருந்து கத்தினான்.

"தொறங்க மாமா."

கயிற்றை விட்டுவிட்டுத் தவழ்ந்து போய் மூடியைத் திருகினேன். வரவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல் இருந்தது. துண்டைச் சுற்றி முழு பலத்துடன் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. ஒட்டிக் கிடந்த டேங்க் டொப்பென்று புடைத்து அவள் முதுகில் இடித்தது. சப்பையாகிக் கிடந்த ரப்பர் பந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருண்டையானது.

அமுக்கினேன். பந்து கெட்டியானது. கயிற்றை இழுத்தேன். கிளம்பியது.

நான் பழக்கத்தில் மூடியை எடுக்கப் போனேன். "மூடாதீங்க," என்றாள் நிரோஷா. சொன்ன குரலில் நான் கையைச் சுட்டுக்கொண்டவன் போல் எடுத்துவிட்டேன். அக்கா குடையை விரித்து டேங்க்கின் வாய்க்கு மேலே பிடித்தாள். மகள் மழையில் நனைந்தாள். பெட்ரோல் நனையவில்லை.

தூண்களுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு தென்னை நீளம் இருந்திருக்கும். துளசிங்கம் இரண்டு தென்னை என்கிறான். நான் குறைத்துச் சொல்லி அவன் கூட்டிச் சொல்வது எங்கள் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. படகு தலையை எதிரோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டது. அதன்பிறகு மகாராஜா ஒரு தடவைகூட இருமவில்லை.

புறப்படும்போது அக்கா போன் போட்டு வரவழைத்த ஆம்புலன்ஸ் அக்கரையில் நின்றது. ஏற்றியதும் கதவை மூடினார்கள். மகாராஜாவை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. துளசிங்கம்தான் நிறுத்தினான்.

ஆபரேஷன். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்னபோது அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சாப்புட்டியா?" என்று கேட்டாள்.

எழுத்து கோணலாக இருக்கிறது. கயிறு இழுத்த கை.

அக்டோபர் 8, புதன்

படகைப் பார்க்கப் போனேன். துளசிங்கம் டீ வாங்கப் போயிருந்த சமயம். மழை இல்லை. நிதானமாக மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

மூடியின் நடுவே, கடுகு நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போவதற்காக அதைச் செய்தவன் வைத்தது. இத்தனை வருஷம் அது அங்கே இருப்பதை நான் கவனித்ததே இல்லை. அந்த ஓட்டையில் மஞ்சள் நிறத்தில் ஏதோ மர்மப் பொருள் சிமெண்ட்டாக இறுகிக் கிடந்தது. எந்த விஷமியின் சதியோ தெரியவில்லை. எதிரி நாட்டு ஒற்றர்கள் நடமாட்டம் உண்டா என்று விசாரிக்க வேண்டும்.

அரைஞாண் கயிற்றில் இருந்த ஊக்கால் குத்தி எடுத்தேன். துணுக்கைக் கொள்ளிடத்தில் விட்டேன். ஊதிப் பார்த்தேன். காற்றுத் தாராளமாகப் போயிற்று.

துளசிங்கம் டீயோடு வந்து மூடியை வாங்கிப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோனான்.

"மச்சான், சந்தன வாசன வருது."

"ஒசத்தியான பெட்ரோல்யா அது. உனக்கு எங்க தெரியப்போவுது."

அவன் என்னைப் பார்த்தான். நான் ஆற்றைப் பார்த்தேன். வெள்ளம் நன்றாக வடிந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 11, சனி

ஒரு வாரம் தேங்கிய கத்தரிக்காய் மாட்டுக்கு. தண்ணீர் இறங்கிவிட்டது. மகாராஜா மூடி போட்டுக்கொண்டு மூன்று தடவை அக்கரை போய் வந்தார். காரணம் கேட்டவர்களிடம் திருஷ்டி கழிந்தது என்று சொல்லியிருக்கிறேன். பூசணிக்காய் உடைத்ததை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். சாட்சி போதும்.

அக்டோபர் 22, புதன்

குழந்தையைத் தொட்டிலில் போட்டார்கள். தாய்மாமாவும் தாத்தாவும் சேர்ந்த ஒருவன் செய்ய வேண்டிய சீர் அத்தனையும் செய்தேன். கொலுசு, பாவாடை, வெள்ளிக் கிண்ணம். கிண்ணத்தில் யானையைக் குளிப்பாட்டலாம். ஊரே வந்திருந்தது. மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து போன் திரையில் வந்திருந்தார்.

நல்ல நேரம் வந்ததும் அக்கா சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். "நீதான்டா மொதல்ல பொட்டு வைக்கணும். அவளக் கொண்டாந்து சேத்தவன் நீ."

குழந்தை நாலு விரல் அகலத்தில் ஒரு முகம் வைத்துக்கொண்டு தூங்கியது. கிண்ணத்தில் விரலை விட்டு, வழக்கம்போல் தாராளமாக அள்ளினேன்.

தொட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த நிரோஷா, எனக்கும் துளசிங்கத்துக்கும் மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்:

"மாமா, மூக்கு ஓட்டைய மட்டும் விட்டுட்டு வைங்க."

துளசிங்கத்துக்குத் திடீரென்று இருமல் வந்து வெளியே போய்விட்டான்.

இந்தப் பெண் எதைச் சொல்கிறாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனாலும் எடுத்த சந்தனத்தைக் கிண்ணத்திலேயே வழித்துவிட்டு, ஊக்கு முனையால் தொட்டது போல, நெற்றியில் கடுகளவு ஒரு பொட்டு வைத்தேன். வைத்துவிட்டு, மூச்சு வருகிறதா என்று அதன் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நன்றாக வந்தது.